சிசேரியனில் பிறந்த குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி வராதா?

கேள்வி: ஏழு வாரத்துக்கு முன் எனக்கு சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. 38 வாரம், 2.9 கிலோ. பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகிவிட்டதால் குழந்தைக்கு மூன்று நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். அந்த மூன்று நாளும் பெரும்பாலும் பவுடர் பால்தான். இப்போது தாய்ப்பால் கொடுக்கிறேன். ஆனாலும் பால் போதவில்லையோ என்ற பயத்தில் இரவு 11 மணிக்கும் 3 மணிக்கும் 60 மில்லி பவுடர் பால் தருகிறோம். எடை இப்போது 4.2 கிலோ. "சிசேரியன் பிள்ளைக்கு வயிற்றில் நல்ல கிருமியே இருக்காது, எதிர்ப்பு சக்தி வராது, ஆஸ்துமா வரும்" என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து தூக்கம் போய்விட்டது. மெடிக்கல் ஷாப்பில் நல்ல கிருமி உள்ள புரோபயாடிக் சாஷே கொடுக்கச் சொல்கிறார்கள். மாமியார் உரைமருந்தும் கழுதைப்பாலும் கொடுக்கலாம் என்கிறார். நாலு நாளாகக் குழந்தை மோஷன் போகவில்லை. ஆறு வாரத் தடுப்பூசியையும் "கொஞ்சம் தேறட்டும்" என்று தள்ளி வைத்திருக்கிறோம். என்ன செய்யட்டும்?
ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் எடைக் கணக்கு. உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான தகவல் அதுதான். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை இழந்து, 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் நாளுக்கு 25 முதல் 30 கிராம் ஏற வேண்டும். உங்கள் மகள் 2.9-லிருந்து 4.2-க்கு வந்திருக்கிறாள். பத்தாம் நாளிலிருந்து கணக்கிட்டால் நாளுக்கு 33 கிராம். இது தேற வேண்டிய குழந்தை அல்ல, நன்றாகத் தேறிக்கொண்டிருக்கும் குழந்தை.

இனி உறவினர் சொன்னது. அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. கருவில் குழந்தையின் குடல் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். பிறக்கும் நேரத்திலிருந்துதான் நுண்ணுயிர்கள் குடியேறத் தொடங்குகின்றன. சுகப்பிரசவத்தில் முதலில் வருபவை பெரும்பாலும் தாயின் குடலில் இருப்பவை: பாக்டீராய்டஸ், பிஃபிடோபாக்டீரியம் போன்றவை. சிசேரியனில் அந்த வழி அடைபடுகிறது. அதோடு, தாய்க்குக் கத்தி வைக்கும் முன் போடும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்துகொள்ள, மருத்துவமனைச் சூழலில் இருக்கும் என்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்றவை முந்திக்கொள்கின்றன. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட் பிடிக்கிற கதைதான். பிரிட்டனில் 596 குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

உறவினர் சொல்லாமல் விட்ட மறுபாதியும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அந்தக் குழந்தைகள் 6 முதல் 9 மாதத்தை எட்டியபோது இரு சாராருக்கும் இருந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. சிசேரியன் குழந்தைகளில் பாக்டீராய்டஸ் மட்டும் இன்னும் குறைவாக இருந்தது. முதலில் பிடித்த சீட் நிரந்தரம் இல்லை.

ஆஸ்துமா விஷயத்தில், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சிசேரியன் குழந்தைகளுக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரிகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். நூறு பேரில் ஐந்து பேருக்கு வருகிற இடத்தில் ஆறு பேருக்கு வருகிறது என்பதே அதன் பொருள். அந்த ஒன்றுக்கும் சிசேரியன்தான் காரணமா, சிசேரியன் செய்ய நேர்ந்த சிக்கலா, அப்போது கொடுத்த ஆன்டிபயாடிக்கா, தாய்ப்பால் தாமதமானதா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன். உங்கள் தெருவில் ஓடி விளையாடும் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அப்படிப் பிறந்தவர்கள்தான்.

அந்த மூன்று நாள் ஊசிக்காகவும் வருந்த வேண்டாம். பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆனால் கிருமி மேலேறி குழந்தையின் ரத்தத்தில் கலக்கலாம். பச்சிளம் குழந்தைக்கு அது சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வரும்வரை 48 முதல் 72 மணி நேரம் மருந்து கொடுத்து, கிருமி இல்லையென்றால் நிறுத்துவதுதான் சரியான முறை. உங்கள் குழந்தைக்கு நடந்ததும் அதுதான்.

இப்போது உங்கள் கையில் இருப்பது தாய்ப்பால். பிறந்த விதத்தைவிட, இந்த வயதில் குடலில் யார் தங்குவது என்பதை அதிகம் தீர்மானிப்பது அதுதான். தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்து அதிகமாக இருக்கும் திடப்பொருள் ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைக் கூட்டம். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வகைகள். சீம்பாலில் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேலும், பிறகு வரும் பாலில் 5 முதல் 15 கிராம் வரையிலும் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், குழந்தையால் இதைச் செரிக்கவே முடியாது. இரைப்பையையும் சிறுகுடலையும் அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே அதைத் தின்னக் காத்திருப்பவை பிஃபிடோபாக்டீரியாக்கள், குறிப்பாக இன்ஃபான்டிஸ் என்ற வகை. தாயின் உடம்பு இவ்வளவு செலவு செய்து ஒரு சர்க்கரையைத் தயாரிப்பது குழந்தைக்காக மட்டுமல்ல, அதன் வயிற்றில் இருக்கும் கிருமிக்காகவும்தான்.

இவை அதைத் தின்று அசிட்டேட்டும் லாக்டேட்டும் வெளிவிடுகின்றன. அதனால் பெருங்குடல் புளிப்பாகிறது. பிஃபிடோ நிறைந்த குழந்தையின் மலத்தில் பிஎச் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5-ஐ ஒட்டி இருக்கும்; பவுடர் பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் 6-க்கு மேல். அந்தப் புளிப்பில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை பெருகத் திணறும். எதிர்ப்பு சக்தி இங்கே இரண்டு வழியில் உருவாகிறது. ஒன்று, தாய்ப்பாலில் வரும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் பொருள் குடல் சுவரில் கிருமி ஒட்டாமல் தடுக்கிறது. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் இருக்கும் கிருமிகளுக்கு எதிராக உங்கள் உடம்பு தயாரித்தது அது. எந்த டின்னிலும் கிடைக்காது. இரண்டாவது, பிஃபிடோ வெளிவிடும் இண்டோல்-லாக்டிக் அமிலம் போன்ற பொருட்கள் நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கத்தோடு நடந்துகொள்ளப் பழக்குகின்றன. சுவீடன் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2021-இல் வெளியான ஆய்வில், இந்தச் சர்க்கரையைத் தின்னத் தெரிந்த பிஃபிடோ இல்லாத குழந்தைகளின் ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் அதிகமாக இருந்தன. கிருமியை எதிர்த்துப் பாய்வது எதிர்ப்பு சக்தியில் பாதிதான். பாலுக்கும் முட்டைக்கும் தூசிக்கும் பாயாமல் இருக்கக் கற்பது மறுபாதி.

ஆகவே, சாஷே பற்றி யோசிக்கும் முன் அந்த இரவு நேர 120 மில்லியைப் பற்றி யோசியுங்கள். உங்கள் குழந்தை இப்போது ஒரு நாளில் குடிக்கும் பால் கிலோவுக்கு 150 மில்லி என்ற கணக்கில் சுமார் 630 மில்லி. ஐந்தில் ஒரு பங்கு பவுடர் பால். எடை ஏறும் வேகத்தைப் பார்த்தால் இதைக் குறைக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்.

முதலில் 11 மணிப் பவுடர் பாலை மட்டும் தொடுங்கள். 60-ஐ 30 ஆக்கி மூன்று நாள், பிறகு அதையும் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் கொடுத்து, குழந்தை உறிஞ்சுவது மெதுவானால் மார்பை உள்ளங்கையால் லேசாக அழுத்தி, பிறகு மீண்டும் முதல் பக்கத்துக்கு மாற்றுங்கள். பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். அந்த நேரத்தில் பவுடர் பால் கொடுத்தால் மார்புக்கு "இவ்வளவு போதும்" என்ற தகவல் போய்ச் சேரும். பெரும்பாலான வீடுகளில் பால் குறைவது இப்படித்தான். குழந்தையின் வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, தாடை மார்பில் பட்டிருக்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் உங்களுக்கு வலிக்கும், அவளுக்குப் பால் வராது. தையல் இழுத்தால் பக்கவாட்டில் படுத்துக் கொடுங்கள்.

ஏழாம் நாள் ஆடை இல்லாமல், அதே தராசில் எடை பாருங்கள். வாரத்துக்கு 150 கிராமுக்குக் குறையாமல் ஏறியிருந்து, நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போனால் 3 மணிப் பாலையும் அதே போலக் குறையுங்கள். 150-க்குக் கீழே போனால் அப்படியே நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினி போட்டுப் பிஃபிடோ வளர்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஆறேழு வாரத்தில் சாயங்காலம் விடாமல் அழுவது பெரும்பாலான குழந்தைகளுக்கு உச்சத்தில் இருக்கும். அதைப் பால் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பவுடர் பால் கொடுக்கும்வரை பாட்டிலை ஒதுக்கிவிட்டுப் பாலாடையில் (மூக்கு வைத்த சிறு கிண்ணத்தில்) கொடுங்கள். கழுவுவது சுலபம், குழந்தைக்கும் மார்புக் காம்பா பாட்டில் காம்பா என்ற குழப்பம் வராது. சோப்பு போட்டுக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரை மணிக்கு மேல் ஆறவிடாமல், இன்னும் நல்ல சூட்டில் இருக்கும்போதே பவுடரைக் கலக்க வேண்டும். 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூடு எதற்கு என்றால், டின்னுக்குள் இருக்கும் பவுடரே கிருமி நீங்கியது அல்ல; குரோனோபாக்டர் என்ற ஒன்று அதில் இருந்து, சிறு குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோயிருக்கிறது. பிறகு குளிர்ந்த நீரில் பாத்திரத்தை வைத்து ஆற்றிக் கொடுங்கள். (புரோபயாடிக் சேர்த்த பவுடர் என்று கூடுதல் விலைக்கு வாங்குபவர்கள் கவனிக்க: இந்தச் சூட்டில் அந்த நல்ல கிருமியும் செத்துப்போகும்.) டின்னில் போட்டிருக்கும் அளவை மாற்றாதீர்கள். நீர்க்கக் கலந்தால் எடை ஏறாது, ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரலாம். உங்கள் பகுதியில் போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் பவுடர் கலக்க வேண்டாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. கேன் தண்ணீரையும் கொதிக்கவைத்தே பயன்படுத்துங்கள்.

புரோபயாடிக் பற்றி நல்ல ஆய்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகளில் பாதிப் பேருக்குப் பிறந்த முதல் வாரத்தில் தொடங்கி ஏழு நாள் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற கிருமியை அதன் தீனியான சர்க்கரையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவுதலும் இறப்பும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. 2017-இல் வெளியான இந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் அது அந்தக் கிருமியின் ஒரு குறிப்பிட்ட ஸ்ட்ரெயின் (உட்பிரிவு), பிறந்த முதல் வாரம், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள். உங்கள் கடைக்காரர் கையில் இருக்கும் சாஷே வேறு கிருமி, உங்கள் குழந்தைக்கு ஏழு வாரம். ஒன்றின் பலனை இன்னொன்றின் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் "நல்ல பாக்டீரியா" என்று ஒரே பெயர் போட்டு விற்பதுதான் இந்த வியாபாரத்தின் சாமர்த்தியம்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஓயாமல் அழுதால் லாக்டோபேசில்லஸ் ரியூட்டரை டிஎஸ்எம் 17938 என்ற ஸ்ட்ரெயின் அழும் நேரத்தைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. அதையும் மருத்துவர் சொன்னால் கொடுக்கலாம். நன்றாக எடை ஏறும் உங்கள் குழந்தைக்கு இப்போது எதுவும் தேவையில்லை. குறைமாதக் குழந்தை வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். புரோபயாடிக் கொடுத்த ஒரு குறைமாதக் குழந்தை அதே கிருமி ரத்தத்தில் பரவி இறந்ததை அடுத்து, 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது.

மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், அதை மதித்தே பேசுங்கள். ஆனால் இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். உரைமருந்தில் ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காயோடு வசம்பையும் சுட்டு உரைகல்லில் இழைப்பார்கள். வசம்பில் இருக்கும் பீட்டா அசரோன் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. வசம்பை விட்டுவிட்டு மற்றதைக் கொடுக்கலாமே என்றால், அந்தக் கல்லைப் பாருங்கள்: நுண்ணிய குழிகள் நிறைந்தது, பச்சைத் தண்ணீரில் கழுவி ஜன்னலோரம் வைப்பது. ஆறு மாதம்வரை வேறு எதுவும் சேராமல் காக்கப் பாடுபடும் குடலுக்கு நேரடியாகக் கிருமி அனுப்பும் வழி அது. கழுதைப்பாலும் அப்படியே. தெருவில் ஓட்டிவந்து கண்ணெதிரே சங்கில் கறந்து தருவதால் சுத்தமாகத் தோன்றும். காய்ச்சாத பால், கழுவாத மடி, அடுத்தடுத்த வீட்டுக்கு அதே சங்கு. தாய்ப்பாலில் இருக்கும் அந்தச் சர்க்கரைக் கூட்டமும் அந்த அளவில் அதில் கிடையாது.

தேன் யாராவது சேனையாக நாக்கில் தடவியிருந்தால் இனி வேண்டாம், ஒரு வயதுவரை தேனே கூடாது. தேனில் பாட்டுலினம் கிருமியின் விதைகள் இருக்கலாம். நம் குடலில் நுண்ணுயிர்க் கூட்டம் அடர்ந்திருப்பதால் அவை முளைக்க இடம் கிடைப்பதில்லை. குழந்தைக் குடலில் கிடைக்கும். முளைத்து நஞ்சு உண்டாக்கினால் முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகை மெலிந்து, பால் இழுக்கத் தெம்பில்லாமல், கழுத்து தொய்ந்துபோகும்.

மாமியாருக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் சமையல் இருக்கிறது. துறைமுகம் பக்கத்தில் இருந்துகொண்டு பால்சுறா புட்டு சாப்பிடாமல் விடமாட்டீர்கள். ஆசைக்கு எப்போதாவது ஒரு தடவை போதும், சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மத்தி, நெத்திலி, சங்கரா சாப்பிடுங்கள்.

நாலு நாள் மோஷன் போகாததைப் பற்றி. ஆறு வாரத்துக்குப் பிறகு தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு வாரம்வரைகூட மலம் போகாமல் இருக்கலாம். போகும்போது இளக்கமாகப் போனால் அது மலச்சிக்கல் அல்ல. சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். பச்சை நிறமும் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டிய நிறம் வெள்ளை. சுண்ணாம்பு போலவோ வெளிறிய களிமண் போலவோ மலம் போய், கண்ணில் மஞ்சள் இன்னும் தெரிந்தால் அன்றே காட்டுங்கள். பித்தக்குழாய் அடைப்பாக இருந்தால் இரண்டு மாதத்துக்குள் அறுவை செய்வதுதான் பலன் தரும். உங்கள் மகள் அந்த எல்லையில்தான் இருக்கிறாள். மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, வயிறு உப்பிக் கல்லாதல், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்துபோதல், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு: இவற்றில் ஒன்று இருந்தாலும் நடு இரவானாலும் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ கிளம்பிவிடுங்கள்.

இனிமேல் குடலைக் காப்பதில் பெரிய பங்கு, தேவையில்லாத மருந்தைத் தவிர்ப்பதில் இருக்கிறது. சளிக்கும் இருமலுக்கும் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, பிஃபிடோவைத் தொடும். போன தடவை மிச்சமான சிரப்பைக் கொடுக்காதீர்கள். பால் கக்குவதற்கு அமிலம் குறைக்கும் மருந்து கேட்டு வாங்காதீர்கள். இரைப்பை அமிலம்தான் உள்ளே போகும் கிருமிக்கு முதல் காவல். அதே நேரம், மருத்துவர் பார்த்து நிமோனியா என்றோ சிறுநீர்த் தொற்று என்றோ ஆன்டிபயாடிக் எழுதினால், நல்ல கிருமி போய்விடும் என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

ஆறு மாதம் முடிந்ததும் குடலில் அடுத்த மாற்றம் வரும். கேழ்வரகுக் கூழ், பருப்பு சாதம், மசித்த பூவன்பழம், முள் எடுத்த மீன் என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர, நார்ச்சத்தைத் தின்னும் புதிய நுண்ணுயிர்கள் குடியேறும். கரண்டியில் எடுத்தால் ஒழுகாத கெட்டியில் இரண்டு மூன்று தேக்கரண்டியில் தொடங்கினால் போதும். அதற்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

தடுப்பூசியைத் தள்ளிப்போட்டதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த ஒரே விஷயம். ஆறு வாரத்தில் பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்குச் சேர்த்த ஒரே ஊசி), போலியோ, நிமோகாக்கல், அவற்றோடு வாயில் விடும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் உண்டு. ரோட்டா என்பது சிறு குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் வைரஸ். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கலங்கும் ஊரில் இருக்கிறீர்கள். சிசேரியன், ஆன்டிபயாடிக் ஊசி, பவுடர் பால் எதுவும் இதற்குத் தடையில்லை. சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் தாய்ப்பால் கொடுக்கலாம். வருகிற புதன்கிழமை தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கேயே எடையையும் பார்த்து அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பவுடர் பாலைக் குறைக்கத் தொடங்கும் முதல் எடை அதுவாக இருக்கட்டும்.